ஏலம் விடாத சீட்டு

ஆகஸ்ட் 1, வெள்ளி

…ஆனாலும் ஒன்றைக் கவனித்தாயா தாயே, இந்த ஊரில் எதற்கும் ஒரு தாள் வேண்டும். மூச்சு விடத்தான் இன்னும் கேட்கவில்லை. நேற்று பாதியில் பேனா தீர்ந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன், கேட்டுக்கொள். ஆடி வெள்ளி, உன் வாசலில் கூட்டம் நெரியும். வெள்ளைக்காரன் நாட்டில் கவென்ட்ரி என்ற ஊரில் உட்கார்ந்து நகைக்கடை டைரியில் எழுதுகிற சுடலைவடிவுக்குக் காது கொடுக்க உனக்கு நேரம் இருக்குமோ என்னவோ. இருந்தாலும் சொல்வேன். முத்தாரம்மனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

என் தம்பி மகள் இசக்கிப்பிரியாவுக்குப் பித்தப்பையை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. தாயில்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். "பக்கத்துல வந்து இருங்கத்தே" என்று போனில் அழுதாள். உடன்குடியில் பஸ் ஏறியவள் இங்கே வந்து இறங்கிவிட்டேன். ஆறு மாதத்துக்கு விசா.

அவள் நாயகம் சார் கம்பெனியில் கட்டடங்களுக்குப் படம் வரைகிறாள். நம் ஆட்கள் கம்பெனிதான். இந்த நாட்டில் வேலை விசாவுக்குக் கம்பெனி பொறுப்பேற்றால் மட்டும் போதாதாம், சம்பளமும் அரசாங்கம் கிழித்த கோட்டைத் தாண்ட வேண்டுமாம். அவளைப் போல இங்கேயே படித்து முடித்த பிள்ளைகளுக்கு வருசத்துக்கு முப்பத்து மூவாயிரத்து நானூறு பவுன், இந்த ஊர்ப் பணம். அதற்குக் குறைந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இவள் வாங்கிக்கொண்டிருந்தது இருபத்தெட்டாயிரம். நாயகம் சார் மே மாதம் ஒரேயடியாக ஏற்றிக் கொடுத்துவிட்டார். மகராசன். அந்தத் தொகையை நான் ரேசன் கடையில் சொன்னேன், கோயில் வரிசையில் சொன்னேன், திருச்செந்தூர் பஸ் கண்டக்டரிடமும் சொன்னேன்.

இன்று பிள்ளையால் படி இறங்க முடியவில்லை. ஒரு கவரை நீட்டினாள்.

"விளக்குப் பூசைக்கு மங்கை அக்கா வருவாவ. நாயகம் சார் வீட்டம்மா. இத அவங்க கையில குடுத்துருங்க. யாரும் இல்லாத நேரமாப் பாத்துக் குடுங்கத்தே."

"என்ன ரூவாட்டி இது?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சீட்டு."

நானூற்றைம்பது பவுன். மாதச் சீட்டாம். கெட்டிக்காரி, வந்த இடத்திலும் சேமிக்கிறாள். யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கொடுக்க அது என்ன திருட்டு நகையா? வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஹாலில் இருபது பெண்கள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும்போது நேராகப் போய்க் கொடுத்தேன். சீட்டுப் பணத்தை எப்படிக் கொடுக்க வேண்டுமோ அப்படித்தான் கொடுத்தேன். எங்கள் ஊரில் சொர்ணத்தக்கா சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனபோது பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. மங்கை முதலில் விழித்தாள், சுற்றும் பார்த்தாள், பிறகு சிரித்தாள். நல்ல பெண். பட்டுப்புடவை நல்ல நிறம்.

ஆகஸ்ட் 2

மாவு புளிக்கவில்லை. கட்டிலில் வைத்துக் கம்பளி போர்த்தியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பிள்ளை மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. சிக்கனத்தில் அப்படியே என் தம்பி. சாயங்காலம் விலை குறைத்து மஞ்சள் சீட்டு ஒட்டிய ரொட்டியைத்தான் வாங்குகிறாள். குளிர் தொடங்குகிறது, ஹீட்டரைத் தொடவிடமாட்டேன் என்கிறாள். சாக்சில் கட்டைவிரல் வெளியே தெரிகிறது. சம்பளம் கூடினாலும் கால் தரையில் இருக்கிறது பார் என்று பெருமையாகத்தான் இருந்தது. சாக்சைத் தைத்துக் கொடுத்தேன்.

கவரை இன்று நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

"வேண்டாம், நானே குடுத்துக்கிடுதேன். போன தடவ எல்லாரும் பாக்கக் குடுத்தியளாமே. மங்கை அக்கா வருத்தப்பட்டாவ."

"சீட்டுப் பிடிக்கவளுக்கு நாலு பேரு பாத்தா நல்லதுதானே. இன்னும் நாலு ஆளு சேரும்."

கவரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பூசையில் நான் விளக்கை ஏற்றிப் பாட்டு நோட்டை விரித்து உன் போற்றியை உரக்கப் பாடினேன். இங்கே வளர்ந்த பெண்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் பாட, அவர்கள் பின்னால் இழுக்கிறார்கள். சுண்டலும் நான்தான் செய்தேன்.

செப்டம்பர் 9

சீட்டு எத்தனை பேர், எப்போது ஏலம் என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். எனக்கு ஒரு யோசனை இருக்கிறது தாயே. தசரா மாதத்துச் சீட்டைக் கொஞ்சம் கழிவு விட்டுத் தள்ளி எடுத்தால் பிள்ளை படிப்புக்கு வாங்கிய பேங்க் கடனை முக்கால்வாசி அடைத்துவிடலாம். என் தம்பி அந்தக் கடனை நினைத்தே இளைத்துவிட்டான்.

"அது இப்பம் எடுக்க முடியாதுத்தே."

"ஏன்?"

"முடியாதுன்னா முடியாது. விடுங்களேன்."

தட்டில் பாதி சோறு மிச்சம். வயிற்றில் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறது போல. மங்கையிடம் நானே பேசிக்கொள்கிறேன். பெரியவர்கள் பேசினால் காரியம் நடக்கும்.

செப்டம்பர் 23, செவ்வாய்

உன் கொடி ஏறும் நாள். மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டேன். பத்து நாளும் ஒரு பொழுது சாப்பாடு, பொய் பேசுவதில்லை. பொய் நான் எப்போதும் பேசுவதில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

தாயே, இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பூசை முடிந்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையின் கைப்பையில் கவர் இருந்தது. கோகிலவாணி சுண்டல் பரிமாறிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், அவள் புருசன் பூபதியும் நாயகம் சார் கம்பெனியில்தான் வேலை. நான் மங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மங்கை, ஒரு காரியம் கேக்கணும். தசராவும் அதுவுமா இந்த மாசச் சீட்ட எங்க பிள்ளைக்குத் தள்ளிக் குடுத்துரு. தள்ளு எம்புட்டுப் போனாலும் பரவால்ல."

"என்ன சீட்டும்மா?"

"நாலு மாசமாக் கட்டுதாளே, அந்தச் சீட்டு."

மங்கையின் கை புளியோதரையிலேயே நின்றது. "அதெல்லாம் தனியாப் பேசிக்கலாம்மா. வாங்க, அந்தப் பக்கம் போலாம்."

"தனியாப் பேச இது என்ன பொண்ணு பாக்குற விசேசமா? ஆளு எத்தன, மாசம் எத்தன, ஏலம் எப்பம்? சபையில சொல்லணும்லா."

அப்போதுதான் கோகிலவாணி கரண்டியோடு அப்படியே நின்றாள். சத்தம் போடாத பெண் அவள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்க மங்கையக்கா, நாங்களும் மாசாமாசம் தர்றோமுங்களே. அதுவும் சீட்டுங்களா? அப்படின்னா எங்களுக்கு எப்பங்கறதையுஞ் சொல்லீருங்க."

"நீயும் இதே சீட்டா கண்ணு? நல்லதாப் போச்சு. உனக்கும் நானூத்தம்பதா?" என்றேன்.

"ஐநூத்தி இருவதுங்கம்மா."

"ஒரே சீட்டுல ஆளுக்கு ஒரு தொகையா?" என்று நான் மங்கையைப் பார்த்தேன். உண்மையிலேயே குழம்பித்தான் கேட்டேன் தாயே. நீ சாட்சி.

ஹால் சாவியோடு வாசலில் நின்றிருந்த உமாபதி தம்பி, அவனும் அதே கம்பெனிதான், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு அறுநூறு."

இருபது விளக்கும் எரிகிறது.  இசக்கிப்பிரியா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் காப்புக் கயிற்றோடு அழுந்தியது. நான் அவள் பையிலிருந்து கவரை எடுத்து மங்கையிடம் நீட்டி, "சரி, ஏலம் எப்பம்னாலும் இருக்கட்டு. இந்த மாசத்துக்கு இதப் பிடி" என்றேன்.

"என்ன கவர் இது? எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கினதில்ல" என்றாள் மங்கை. விளக்கைக்கூட அமர்த்தாமல் எழுந்து போய்விட்டாள்.

எரிகிற விளக்கை விட்டுவிட்டுப் போவது எங்கும் வழக்கமில்லை. பூவால் நான்தான் அமர்த்தினேன்.

செப்டம்பர் 27

அது சீட்டு இல்லை.

பிள்ளை காலையிலேயே சொல்லிவிட்டாள். சம்பளம் ஏறவே இல்லையாம். விசாவுக்காகத் தாளில் மட்டும் ஏறியதாம். முப்பத்து மூவாயிரத்து நானூறுக்கு உள்ளது பேங்கில் வந்து விழும். கூடின தொகையை ரொக்கமாக எடுத்து மாதாமாதம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வரியோ தாளில் உள்ள பெரிய சம்பளத்துக்குப் பிடிக்கிறார்கள். அதனால் முன்பு கைக்கு வந்ததைவிட இப்போது வருவது குறைவு.

"பின்ன ஏன்ட்டி சம்மதிச்ச?"

"சம்மதிக்காட்டி யாரு எனக்கு விசா குடுப்பா? படிச்சு முடிச்சுட்டு எழுபது இடத்துக்கு எழுதிப் போட்டேன். அம்புட்டுச் சம்பளம் குடுத்து எடுக்க ஒருத்தரும் தயாரா இல்ல. இவரு ஒருத்தருதான் வழி இருக்குன்னாரு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க பஸ்ஸு கண்டக்டர்ட்ட எல்லாம் சொல்லியாச்சுன்னு சிரிச்சிய. பொறவு நான் எப்படிச் சொல்ல?"

மஞ்சள் சீட்டு ரொட்டி. சாக்ஸ். ஹீட்டர். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கண்ணில் புகை பட்டுவிட்டது. இங்கே உள்ளது கரண்டு அடுப்புதான், இருந்தாலும் பட்டுவிட்டது.

செப்டம்பர் 28

ரசம் வைத்தேன். குடித்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 29, திங்கள்

சாயங்காலம் நாயகம் சார் கூப்பிட்டார். பிள்ளை போனை மேசையில் வைத்து எனக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டினாள். தேன் போன்ற குரல்.

"பிரியா, உங்க அத்தைக்கு நெலம புரியல. நான் ஒரு மெயில் போட்டா உன் விசா முடிஞ்சுது. அறுபது நாள்ல வேற ஆளைப் பிடிக்கணும், இல்ல கெளம்பணும். நாளைக்குக் கவரை ஆபீசுல குடுத்துரு. நடந்ததை நான் மறந்துர்றேன்."

 போனை நான் இழுத்துக்கொண்டேன்.

"ஐயா, நான் பிரியாவுக்கு அத்தை பேசுதேன். இந்தச் சம்பளம் குடுக்கணும்னு சொன்னது நீங்களா, அரசாங்கமா?"

"அரசாங்கம்தாம்மா. ஆனா நடைமுறைன்னு ஒண்ணு…"

"அப்பம் அரசாங்கத்துட்ட ஒரு சம்பளம், எங்கள்ட்ட ஒரு சம்பளம். நல்லாருக்கு."

"உதவி பண்ணினதுக்கு இதுதான் மரியாதையா? நான் இல்லாட்டி அவ எப்பவோ ஊருக்குப் போயிருப்பா."

"ஐயா, எங்க அம்மனுக்கு வேசம் கெட்டி, வீடு வீடாப் போயி மடிப்பிச்ச எடுத்தவ நான். பிச்சைன்னா எனக்குக் கேவலம் இல்ல. உங்களுக்கு வேணும்னா மடிய விரிச்சுக் கேளுங்க, போடுதோம். சம்பளம்னு ஒரு கையால குடுத்துட்டு மறுகையால பிடுங்காதிய. அதுக்குப் பேரு வேற."

 பிறகு தேன் வற்றிவிட்டது. "நீங்க விசிட்ல வந்தவங்க. பூசை ஹால்ல சமையல் வேலை பாக்குறீங்க. அதையும் எனக்குச் சொல்லத் தெரியும்."

"சொல்லுங்க. சுண்டலுக்கு அம்மன் எனக்கு என்ன சம்பளம் குடுக்கான்னு அரசாங்கம் வந்து கேக்கட்டு. அதுவும் கோட்டுக்குக் கீழதான் இருக்கும்."

போனை வைத்த பிறகு சர்க்கரை மாத்திரையை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.  ஒரு பொழுது சாப்பாடு, அதனால்.

பிள்ளை என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். "வாய் பேசினது நீங்க. போகப்போறது நான். அதயும் யோசிச்சியளாத்தே?"

யோசிக்கவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

செப்டம்பர் 30

கவரைக் கொடுத்துவிடு என்று நானே காலையில் அவளிடம் சொன்னேன். உன் பயணம், உன் முடிவு, நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்றேன். கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். பகல் முழுக்க எனக்குப் பாட்டும் ஓடவில்லை, வேலையும் ஓடவில்லை. ஜமுக்காளத்தைத் துவைத்தேன். அது நேற்றுத் துவைத்த ஜமுக்காளம்.

ஐந்தரைக்கு வந்தாள். கவரை எடுத்து உன் படத்துக்கு அடியில் வைத்தாள்.

"குடுக்கல" என்றாள். "அவரு கதவு வரைக்கும் போயிட்டேன். உள்ள பூபதி அண்ணன் நின்னுக்கிட்டு, பிள்ளைக்கு டாக்டர் செலவு இருக்கு, இந்த மாசம் மட்டும் பாதி குடுக்கேன்னு கெஞ்சிக்கிட்டு இருந்தாவ. அவங்க சம்பளத்த அவங்களே வச்சுக்கிடதுக்குக் கெஞ்சுதாவ அத்தே."

 தோசை நாலு சாப்பிட்டாள்.

அக்டோபர் 2, வியாழன்

நீ சூரனை வதைக்கிற நாள். உன் படத்துக்கு அடியில் இப்போது மூன்று கவர். பூபதி ஒன்று, உமாபதி ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். கோகிலவாணி தேங்காய் உடைத்தாள்.

"போனாப் போறமுங்கம்மா," என்றாள், "ஆனாக் குனிஞ்சுக்கிட்டுப் போகக் கூடாதுங்க."

"குனியணும்னா அம்மனுக்குக் குனிவோம்" என்றேன்.

"அவ சம்பளத்துல கை வெக்கறதில்லீங்களே" என்றாள். இத்தனை நாள் இந்தப் பெண் இப்படிப் பேசுவாள் என்று யாருக்குத் தெரியும்?

அக்டோபர் 3, வெள்ளி

இனி எங்களுக்கு ஹாலில் இடம் இல்லையாம், மங்கை சொல்லிவிட்டாளாம். வீட்டில் விளக்கு வைத்தேன். ஆறு பேர் வருவார்கள் என்று நினைத்தேன். பதினொரு பேர் வந்தார்கள். செருப்பு படிக்கட்டு வரைக்கும் கிடந்தது. காப்பை அவிழ்த்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

பிள்ளைகள் மூன்று பேரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நூலகத்து மாடியில் இலவசமாக யோசனை சொல்கிற இடத்துக்குப் போனார்கள். நானும் போனேன். அங்கே இருந்தவள் ஹர்ப்ரீத் என்ற பஞ்சாபிப் பெண். நல்ல உயரம், நல்ல பொறுமை. ஒன்றரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார்கள். எனக்குப் புரியவில்லை. நான் உன் பெயரை நூற்றெட்டு தடவை சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி போட்டுக் கொடுத்த பிறகுதான் பிள்ளை விவரம் சொன்னாள்.

புகார் கொடுத்தால் நாயகத்துக்கு ஆள் எடுக்கிற உரிமையே போகலாமாம். இனிமேல் அவருக்கு "சார்" கிடையாது. இவர்களுக்கும் அறுபது நாள் போல அவகாசம்தான். ஆனால் திருப்பிக் கொடுத்த பணத்தை வழக்குப் போட்டு வாங்க வழி உண்டு. ஹர்ப்ரீத் இன்னொன்றும் சொன்னாளாம். நாயகம் முந்திக்கொண்டு, "இவர்கள் வேலையில் மோசம், அதனால்தான் நீக்கினேன், பணம் வாங்கினேன் என்பது பொய்" என்று எழுதினால், அதை மறுக்கக் கையில் ஏதாவது இருக்க வேண்டுமாம். நம் பிள்ளைக்குப் பதினாறாம் தேதி வேறு கம்பெனியில் நேர்முகம் இருக்கிறது. உண்மையிலேயே கோட்டுக்கு மேலே சம்பளம் கொடுக்கிற இடமாம். அங்கே நாயகத்தின் பொய் முதலில் போய் உட்கார்ந்துவிடக் கூடாதே.

"கையில என்னட்டி இருக்கணும்?"

"பணம் அவங்க கைக்குப் போச்சுங்கதுக்கு ஒரு அத்தாட்சி. பேங்குல எடுத்தது தெரியும், குடுத்தது தெரியாது. அவரு ஒரு மெசேஜ்கூட அனுப்பினதில்ல. எல்லாம் வாய்ப்பேச்சு. வாங்கினேன்னு கையெழுத்துப் போட்ட துண்டுத்தாளு இருக்கான்னு ஹர்ப்ரீத் மூணு தடவ கேட்டா. மூணு பேரும் தலய ஆட்டிட்டு வந்தோம். உமாபதி சிரிக்கான், லஞ்சத்துக்கு எவன் ரசீது கேப்பான்னு."

அவன் சொல்வது சரிதான். லஞ்சத்துக்கு எவன் ரசீது கேட்பான்.

பிள்ளை உள்ளே நேர்முகத்துக்குச் சட்டை இஸ்திரி போடுகிறாள். ஹீட்டரை நான் போட்டுவிட்டேன், அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன், இன்று பாடாமல் விட்டேனே என்று. இதைத்தான் தினமும் புரட்டுகிறேன். ஆனால் முன்பக்கத்திலிருந்துதான் புரட்டுவேன், போற்றி முடிந்ததும் மூடிவிடுவேன்.

இரு தாயே. இரு.

லஞ்சத்துக்கு எவனும் ரசீது கேட்க மாட்டான். சீட்டுக்குக் கேட்பார்களே. அன்றைக்கு அந்தக் கவர் எனக்குச் சீட்டுதானே. ஆடி வெள்ளியன்று, எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த இருபது பெண்கள் முன்னால், எழுதித் தந்தால்தான் கவரை விடுவேன் என்று நான் கவரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மங்கை சிரித்துக்கொண்டே என் பேனாவை வாங்கினாள். தேதி, நானூற்றைம்பது பவுன், இசக்கிப்பிரியாவிடமிருந்து பெற்றுக்கொண்டேன். கையெழுத்து கிறுக்கலாக இருக்கிறதே என்று நான் சொன்னதால், அதற்குக் கீழே தன் முழுப்பெயரையும் புருசன் பெயரையும் சேர்த்து எழுதினாள். இந்தப் பாட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.